பின்னால் லாரி வருகிறது!

சைக்கிளில் போகிறவருக்கு மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று எதிர்க்காற்று, இரண்டு ரோட்டில் கிடக்கும் ஆணி, மூன்று பின்னால் கேட்கும் ஹார்ன் சத்தம். முதல் இரண்டையும் அவர் பொறுத்துக்கொள்வார். எதிர்க்காற்றானால் எழுந்து நின்று மிதிக்கலாம். பஞ்சரானால் ஒட்டுவதற்குக் கடை இருக்கிறது. மூன்றாவதுதான் ஆளைக் கலக்கிவிடுகிறது. அது முதுகுக்குப் பின்னால் வருகிறது. வருவது லாரியா, பஸ்ஸா, விலகிப் போகுமா, உரசிப் போகுமா என்பதையெல்லாம் சத்தத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

பயந்து ஓடுகிறவனைத்தான் நாய் துரத்தும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ரோட்டிலும் அதே நியாயந்தானா? நிமிர்ந்து உட்கார்ந்து தைரியமாக ஓட்டுகிறவருக்கு டிரைவர்கள் வழிவிட்டு, பயந்து பயந்து ஓட்டுகிறவரைத்தான் விரட்டுகிறார்களா? அல்லது, தைரியமாகப் போகிறவரைக் கண்டால்தான் "இவனுக்கு என்ன திமிர்!" என்று அவர்களுக்குக் கோபம் வருகிறதா? சைக்கிள் ஓட்டும் யாரும் ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைத் தமக்குள் கேட்டிருப்பார்கள். இதை அளந்து பார்த்தே பதில் தேடியவர்களும் உண்டு.

வாசுதேவநல்லூர் வழி

மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் பிரிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மலையடிவாரமாகவே சென்று, கணவாயைத் தாண்டிக் கொல்லத்தில் முடிகிறது ஒரு நெடுஞ்சாலை. முன்பு அதற்கு 208 என்று எண், இப்போது 744. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு போகும் முக்கியமான வாசல்களில் இது ஒன்று. ஆகவே இந்தச் சாலையில் லாரிக்குப் பஞ்சமில்லை.

இந்தச் சாலையில் அமைந்த ஊர் வாசுதேவநல்லூர். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த ஊர்; இப்போது, 2019ஆம் ஆண்டில் பிறந்த தென்காசி மாவட்டத்தில், சிவகிரி வட்டத்தைச் சேர்ந்தது. சரித்திரப் பிரியர்களுக்கு இதைத் தெரிந்திருக்கும். பூலித்தேவனின் கோட்டைகளில் ஒன்று இங்கே இருந்தது. அதைப் பிடிக்க யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து திரும்பிப் போனதும், பிறகு 1761-ல் கோட்டை வீழ்ந்ததும் பழைய கதை. பக்தர்களுக்கும் தெரிந்த ஊர். இங்குள்ள சிந்தாமணிநாதர் கோயிலில் சுவாமி பாதி சிவனும் பாதி அம்மையுமாக, அர்த்தநாரீசுவரராகக் காட்சி தருகிறார்.

மேற்கே மலை, கிழக்கே வயல். தோட்டத்துக்குப் போகிறவர், பால் கேன் மாட்டிக்கொண்டு போகிறவர், புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிறவர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும், ஊருக்குள் எந்தச் சந்தில் ஓட்டினாலும், ஏதாவது ஓரிடத்தில் இந்தப் பெரிய சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். கொல்லத்துக்குச் சரக்கோடு ஓடும் லாரியும், பக்கத்துக் கிராமத்துக்குப் புல்லுக்கட்டோடு போகும் சைக்கிளும் ஒரே தார்ப்பட்டையைப் பங்குபோட வேண்டியிருக்கிறது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

மூன்றரை மீட்டர் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இருவழிச் சாலை என்றால் வழக்கமாக ஏழு மீட்டர் தார். போகிறவருக்கு மூன்றரை, வருகிறவருக்கு மூன்றரை. ஒரு லாரியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மிச்சம் ஒரு மீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் அறுபது சென்டிமீட்டருக்குக் குறையாது. தார் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் பிடித்துக்கொள்ளும் இடம் தொண்ணூறு சென்டிமீட்டர். பாக்கி பத்துச் சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை!

எதிரே வண்டி வரும்போது, லாரி தன் பாதியை விட்டு நகராமல் சைக்கிளைத் தாண்டிச் செல்ல இந்தச் சாலையில் இடமே கிடையாது என்பதுதான் இதன் அர்த்தம். ஒன்று, டிரைவர் நடுக்கோட்டைத் தாண்டி விலகிப் போக வேண்டும். இல்லையேல், எதிர்வண்டி போகும்வரை சைக்கிளின் பின்னால் மெதுவாக வர வேண்டும். மூன்றாவது வழி ஒன்றிருக்கிறது. ஹார்னை அழுத்திச் சைக்கிள்காரரைத் தாரை விட்டு மண்ணில் இறக்குவது. நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக நடப்பது இந்த மூன்றாவதுதான்.

டிரைவர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறது. சைக்கிள் 15-ல் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 45. அதாவது விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். நூறு மீட்டர் தூரத்தில் சைக்கிளைப் பார்த்த டிரைவருக்குத் தீர்மானம் செய்ய எட்டு விநாடிதான் இருக்கிறது. அதற்குள் எதிரே வருவதைப் பார்க்க வேண்டும், பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், பாரத்தோடு பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டால், பாரவண்டியை மறுபடி வேகமெடுக்க வைப்பது லேசல்ல. இந்த அவசரத்தில் சைக்கிள்காரர் ஒரு மனிதராகத் தெரிவதில்லை. ஓர் இடைஞ்சலாகத்தான் தெரிகிறார்.

இது நம் ஊர் டிரைவர்களுக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 442 பேரிடம் ஒரு விசாரணை நடத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கரப்பான் பூச்சியில் தொடங்கி மனிதனில் முடியும் ஒரு படவரிசையைக் காட்டி, சைக்கிள்காரர்களை அதில் எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், முழு மனிதன் என்ற இடத்துக்குக் கீழேயே வைத்தார்களாம்! வேண்டுமென்றே காரைக் குறுக்கே விட்டு மறித்ததுண்டு என்று 17 சதவீதம் பேரும், வேண்டுமென்றே நெருங்கி ஓட்டியதுண்டு என்று 11 சதவீதம் பேரும் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். யார் மனத்தில் சைக்கிள்காரர் கீழ்ப்படியில் இருந்தாரோ, அவர்களே அப்படி நடந்துகொண்டதாகச் சொன்னது அதிகம்.

டீக்கடை மரியாதையும் ரோட்டு மரியாதையும்

நம் சீமையில் இதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை, காதே போதும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லும் டிரைவர், அதே அண்ணாச்சி சைக்கிளில் ஏறி ரோட்டுக்கு வந்ததும் "ஏலே, ஓரமாப் போலே!" என்கிறார். ஆள் ஒருவர்தான், வேட்டியும் துண்டும் அதேதான். ஏறிய வண்டிதான் மரியாதையைக் குறைத்துவிட்டது.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. சைக்கிள் வைத்திருப்பதே கௌரவமாக இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், கணக்கப்பிள்ளை என்று ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆசாமிகள் சைக்கிளில் வந்தார்கள். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை ஆரம்பமானபோது அது பெரிய சேதி. இரவில் லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பார். தொந்தரவுதான், ஆனால் சைக்கிளையும் ஒரு வாகனமாக மதித்ததால் வந்த தொந்தரவு அது. பிறகு மோட்டார் சைக்கிள் பெருகியது. காசுள்ளவர்கள் இறங்கி அதில் ஏறிக்கொண்டார்கள். மிதிக்கிறவர் ஏழை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார் இருசக்கர வண்டி இருந்த வீடுகள் 21தான். எண்ணிக்கையில் சைக்கிள் முன்னால் நின்றது. மரியாதையில் பின்னால் நின்றது.

இங்கிலாந்தில் 2002-ல் போக்குவரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்று வெளியிட்ட அறிக்கையில் ரசமான விஷயம் ஒன்று இருக்கிறது. சைக்கிள்காரர் திடீரென்று விலகினால், டிரைவர்கள் அதற்குக் காரணமாகச் சொல்வது அவருடைய குணத்தை: "ஓட்டத் தெரியாதவர், பொறுப்பில்லாதவர்." அவருக்கு நேர்ந்த இக்கட்டு அவர்கள் கண்ணில் படுவதில்லை. நம் சாலைக்கு இது அப்படியே பொருந்தும். தார் பெயர்ந்த குழிக்காகச் சைக்கிள்காரர் ஓர் அடி விலகுகிறார். குழி அவருக்குத் தெரிகிறது. லாரியின் உயரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. "காலையிலேயே போட்டுவிட்டான் போலிருக்கிறது" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்.

ஒரு பேராசிரியரின் விஷப்பரீட்சை

இனி, தைரியக் கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் பாத் சர்வகலாசாலையைச் சேர்ந்த மனோதத்துவ ஆராய்ச்சியாளர் இயன் வாக்கர், 2006-ல் இதைத் தம் உடம்பை வைத்தே சோதித்துப் பார்த்தார். சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு சாலையில் இறங்கினார். தம்மைத் தாண்டிச் சென்ற 2,300-க்கும் அதிகமான வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டன என்று அளந்தார்.

பலன் விசித்திரமானது. அவர் ஹெல்மெட் அணிந்து சென்றபோது வண்டிகள் சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் நெருங்கி வந்தன. நீண்ட கூந்தல் டோப்பா வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பார்க்கப் பெண்ணைப்போலப் போனபோது 14 சென்டிமீட்டர் அதிகமாக விலகிச் சென்றன. கார்களைவிட பஸ்களும் லாரிகளுமே அதிகம் நெருங்கின. சோதனையின்போது ஒரு தடவை பஸ்ஸும் ஒரு தடவை லாரியும் அவரை இடித்தும்விட்டன! இரண்டு தடவையும் அவர் ஹெல்மெட் அணிந்திருந்தார்.

ஹெல்மெட் அணிந்தவர் கெட்டிக்காரர், அவர் பார்த்துக்கொள்வார் என்று டிரைவர்கள் நினைத்து நெருங்குகிறார்கள் போலும் என்று அவர் கருதினார். அந்தக் கணக்கையே வேறு விதமாகப் பிரித்துப் பார்த்து, ஹெல்மெட்டினால் வந்த வித்தியாசம் அவ்வளவு முக்கியமானதல்ல என்று சொன்ன நிபுணர்களும் உண்டு. ஆகவே யாரும் இதைச் சாக்காக வைத்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டாம். விழுந்தால் தலையைக் காப்பது அதுதான்.

வாக்கர் அதோடு விடவில்லை. அவரும் கூட்டாளிகளும் ஏழு விதமான உடுப்பில் ஓட்டிப் பார்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பந்தய வீரன் போல ஓர் உடை. பளிச்சென்ற மஞ்சள் மேலாடை ஒன்று. புதிதாகப் பழகுகிறவர், மெதுவாகச் செல்லுங்கள் என்ற பொருளில் எழுதிய மேலாடை ஒன்று. போலீஸ் என்ற சொல்லும் படம் எடுக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையும் உள்ளது இன்னொன்று. மொத்தம் 5,690 தடவை வண்டிகள் தாண்டின. வீரனுக்கு ஒரு மரியாதை, புதியவனுக்கு ஒரு கருணை என்று ஏதாவது தெரிந்ததா? ஒன்றும் தெரியவில்லை. இருவருக்கும் கிடைத்தது ஏறத்தாழ ஒரே இடைவெளிதான். போலீஸ் என்று எழுதிய மேலாடைக்கு மட்டும் சில சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைத்தது. எந்த உடுப்பைப் போட்டாலும், நூற்றுக்கு ஒன்றிரண்டு வண்டிகள் அரை மீட்டருக்கும் குறைவாக நெருங்கிப் போகத்தான் போயின.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவு. தைரியசாலி போலத் தோற்றம் காட்டினால் மட்டும் உரசிப் போகிற வண்டி விலகிவிடாது. உரசுகிற ஒன்றிரண்டு பேரை மாற்றுவது சைக்கிள்காரர் கையில் இல்லை. சட்டத்தின் கையில் இருக்கிறது. போலீஸ் என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் விலகினார்கள் என்பதே அதற்குச் சாட்சி.

மெதுவாகப் போகிறவர் பாடு

இன்னொரு விசாரணை லண்டன் பேராசிரியை ரேச்சல் ஆல்ட்ரெட் நடத்தியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான சைக்கிள்காரர்களை ஒரு நாள் டைரி எழுதச் சொல்லி, மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டார். மணிக்கு 8 மைலுக்குக் குறைந்த வேகத்தில் போகிறவர்கள், 12 மைலுக்கு மேல் போகிறவர்களைவிட, ஒவ்வொரு மைலுக்கும் மூன்று மடங்கு அதிகமான தொல்லைகளைச் சந்தித்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் சந்தித்தார்கள். அவர்கள் மெதுவாகப் போவது அதற்கு முக்கியக் காரணம்.

வாசுதேவநல்லூர்ச் சாலையில் 8 மைலுக்கு மேல் யார் மிதிக்க முடியும்? கேரியரில் புல்லுக்கட்டு, ஹேண்டிலில் பால் கேன், வயது அறுபது. அல்லது, முதுகில் புத்தகப் பை, வயது பதினாறு. பந்தயக்காரருக்குச் சொல்லும் யோசனை இவர்களுக்கு உதவாது. "தைரியமாக வேகமாகப் போ" என்று அவர்களிடம் சொல்வது, முடியாததைச் சொல்வதாகும்.

ஆடிக் காற்றும் லாரியும்

இந்த மலையடிவாரத்துக்கென்று ஒரு விசேஷ அபாயமும் உண்டு. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கேயிருந்து காற்று வீசும். குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்களுக்கு அது சுகம். வடக்கு தெற்காகப் போகும் இந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்கு அது பக்கக்காற்று.

வாசுதேவநல்லூரிலிருந்து புளியங்குடிப் பக்கம், தெற்கே போகிறார் ஒருவர். இடது ஓரமாகப் போகிறார். காற்று வலப்புறமிருந்து தள்ளுகிறது. விழாமல் இருக்க அவர் தம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறார். அப்போது வலப்புறம் ஒரு லாரி தாண்டுகிறது. அது மதில்போலக் காற்றை மறைத்துவிடுகிறது. சாய்ந்திருந்தவருக்குத் தாங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று இல்லை! சைக்கிள் லாரியை நோக்கி ஓர் அடி ஓடுகிறது. லாரி போனதும் காற்று திரும்ப அடித்து அவரை ஓரத்துக்குத் தள்ளுகிறது. வடக்கே சிவகிரிப் பக்கம் போகிறவருக்கோ, காற்று இடப்புறமிருந்து அடித்து, அவரைச் சாலையின் நடுப்பக்கமாகவே தள்ளும்.

இங்கே எந்த நெஞ்சுரமும் உதவாது. இடைவெளிதான் உதவும். ஆடிக் காற்றில் சைக்கிளைத் தாண்டும் டிரைவர், மற்ற மாதங்களில் விடுவதைவிட இன்னும் இரண்டு அடி கூடுதலாக விட்டால் ஓர் உயிர் தப்பும்.

எது உண்மையான தைரியம்?

அப்படியானால் சைக்கிள்காரரின் தைரியத்துக்குப் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. அது மார்பை நிமிர்த்துவதில் இல்லை. ஓட்டும் முறையில் இருக்கிறது. நல்ல எண்ணமுள்ள டிரைவர்கள்தான் பெரும்பாலோர். அவர்களுக்கு வேண்டியது, முன்னால் போகிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்ற நிச்சயம். அதைக் கொடுப்பவரிடம் அவர்களுக்குக் கோபம் வருவதில்லை.

முதலாவது, நேர்கோடு. பயந்தவர் தார் விளிம்பிலேயே ஓட்டுவார். விளிம்பில்தான் சரளைக்கல், முள், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள பள்ளம் எல்லாம் இருக்கின்றன. ஆகவே அவர் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக நெளிவார். நெளிகிறவரைக் கண்டால் டிரைவருக்கு எரிச்சல். விளிம்பிலிருந்து ஒன்றரை அடி, இரண்டடி உள்ளே, ஒரே கோட்டில் ஓட்டுகிறவருக்கு விலகித் தப்ப இடப்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சும். மேல்நாட்டில் சிலர், ரோட்டின் நடுவிலேயே ஓட்ட வேண்டும், அப்போதுதான் எவரும் இடுக்கில் நுழைய மாட்டார்கள் என்று உபதேசிக்கிறார்கள். ஊருக்குள், வேகம் குறைந்த தெருவில் அது சரி. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் அதைச் செய்வது விவேகமல்ல. உள்ளே தள்ளி வரவரத் தாண்டும் வண்டிகள் விடும் இடைவெளி குறைந்தது என்பதை வாக்கரின் அளவுகளே காட்டின.

இரண்டாவது, திரும்பிப் பார்ப்பது. சைக்கிள்காரரின் படத்தைக் காட்டி இவர் எந்தப் பக்கம் போவார் என்று டிரைவர்களைக் கேட்டால், அவர்கள் கண் முதலில் போவது அவருடைய முகத்துக்குத்தான் என்று இன்னொரு பரிசோதனையில் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பு முன் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பாருங்கள், பிறகு கையை நீட்டுங்கள், பிறகு திரும்புங்கள். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், முன்னால் போவது இடைஞ்சல் அல்ல, ஓர் ஆள் என்பது டிரைவருக்கு உறைக்கிறது. ஓடும்போது திரும்பிப் பார்த்தால் சைக்கிள் அந்தப் பக்கமே ஓடும் என்பவர்கள், வண்டியில்லாத தெருவில் நாலு நாள் பழகிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவது. எதிரே பஸ், பின்னால் லாரி, இரண்டும் தம் பக்கத்தில் வந்து சந்திக்கப்போகின்றன என்று தெரிந்தால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மண் ஓரத்தில் இறங்கி நிற்பதில் அவமானம் ஒன்றுமில்லை. கடைசி விநாடியில் பதறி இறங்குகிறவர்தான் சறுக்கி விழுகிறார். ரோட்டில் நமக்குப் பாத்தியதை உண்டு என்பது நிஜம். பாத்தியதையை நிலைநாட்ட வீடு திரும்ப வேண்டுமே!

நாலாவது, இருட்டியபின் வெளிச்சம். பழைய டைனமோ போய்விட்டது. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றைப் பின் மட்கார்டில் திருகிவைக்க அதிகச் செலவில்லை. பகலில் எட்டு விநாடி கிடைத்த டிரைவருக்கு, இருட்டில் லைட்டில்லாத சைக்கிளைக் கண்டுகொள்ள இரண்டு விநாடி கிடைத்தால் அதிசயம்.

புதுக்கோட்டை சொன்ன பதில்

தைரியம் தனி ஆளுக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய அத்தாட்சி இருக்கிறது. 1991 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வேலையில் இறங்கியது. ஷீலாராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தோடு சைக்கிளையும் கிராமப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடாயிற்று. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் கேலியும் ஏச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் 1992 சர்வதேசப் பெண்கள் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். ஒருத்தியைக் கேலி செய்யலாம். ஆயிரத்து ஐந்நூறு பேரை யார் கேலி செய்வது? சைக்கிள் கற்ற பெண்கள் அந்த மாவட்டத்தில் லட்சத்தைத் தாண்டினார்கள். அந்தப் பெண்களின் தைரியம் கூட்டத்திலும், கலெக்டர் ஆதரவிலும், கையில் இருந்த சொந்தச் சைக்கிளிலும் விளைந்தது.

இதற்கும் மேல்நாட்டில் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரட்டிப்பானால், ஒவ்வொருவருக்கும் உள்ள அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2003-ல் ஜேகப்ஸன் என்ற அமெரிக்கர் கண்டார். அடிக்கடி சைக்கிளைப் பார்க்கிற டிரைவர், அதை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். 2001-02-ல் தமிழ்நாட்டு அரசு, பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல், அரசு, உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிவாயிற்று. சர்க்கார் சைக்கிளைக் கொடுத்துவிட்டது. "ஹைவேயில் லாரி ஓடுகிறது, நீ பஸ்ஸிலேயே போ" என்று தகப்பனார் சொல்லிவிட்டால், அந்தச் சைக்கிள் திண்ணையில் சாய்ந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். பஸ் வராத கிராமமானால், துருப்பிடிப்பது சைக்கிள் மட்டுமல்ல, பெண்ணின் படிப்பும்தான். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் ஐந்தாறு பேர் ஒன்றாக, ஒருவர் பின் ஒருவராக, மூத்த பிள்ளை கடைசியில் வர, கூட்டமாகப் போகப் பழக்கலாம். தனியாகப் போகும் ஒரு பிள்ளையை விரட்டும் டிரைவர்கூட, வரிசையாகப் போகும் ஆறு பிள்ளைகளைக் கண்டால் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவார்.

டிரைவர் அண்ணாச்சிமார்களுக்கு

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் சைக்கிள்காரர்கள். சதவீதத்தில் சிறியது, ஆனால் ஓர் ஆண்டில் பல ஆயிரம் வீடுகளில் விழுந்த இடி அது. பெரும்பாலும் அந்த வீட்டில் உழைக்கும் ஆள்.

சட்டம் இல்லாமல் இல்லை. முறைகேடாக முந்திச் செல்வதை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அபாயகரமான ஓட்டுதல் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலகுரல் ஏர் ஹார்னுக்கும் தடை உண்டு. இங்கிலாந்தில் 2022 முதல், 30 மைல் வேகம் வரை போகும் வண்டி சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று சாலை விதிப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒன்றரை மீட்டர் என்பது ஐந்து அடி. சைக்கிள்காரர் அப்படியே உங்கள் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் தலை சக்கரத்துக்கு அடியில் வராத தூரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இந்தத் தூரத்தை விட இடமில்லை என்றால், பின்னால் வர வேண்டும். எதிரே வரும் பஸ் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து விநாடி. கொல்லம் வரை போகிற பயணத்தில் பத்து விநாடி என்ன கணக்கு? அந்தப் பத்து விநாடியும் ஹார்னை அழுத்திக்கொண்டே வருவதால் பிரயோஜனமில்லை. மிரண்டவர் நெளிவார், நெளிந்தால் ஆபத்து இருவருக்கும்தான். தூரத்திலேயே ஒரு தடவை லேசாக அடித்துவிட்டால் போதும்.

நெடுஞ்சாலை அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. தார் விளிம்புக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மேடுபடுத்தி, சைக்கிளின் சக்கரம் வழுக்காமல் இறங்கி ஏறும்படி செய்தாலே பாதிப் பயம் போய்விடும். 1971-ல் ஒரே ஆண்டில் நானூறுக்கும் அதிகமான குழந்தைகளை மோட்டார் வண்டிகளுக்குப் பலிகொடுத்த ஹாலந்து தேசம், ஜனங்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளைப் பெருக்கியது. இன்று அங்கே பாட்டிமார்கூடப் பயமில்லாமல் ஓட்டுகிறார்கள். அவர்கள் நம் பாட்டிமாரைவிட வீராங்கனைகள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்த பாதை நல்ல பாதை.

ஒரே மேனியை இருவர் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சுவாமி வாசுதேவநல்லூரில் இருக்கிறார். அவ்வளவு பெரிய பாகம் சைக்கிள்காரருக்கு வேண்டியதில்லை. தம் இடப்பக்கத்தில் இரண்டடி, வலப்பக்கத்தில் ஐந்தடி, அதுவும் லாரி தாண்டிப் போகிற சில விநாடிகளுக்கு மட்டும். அதைக் கொடுத்துவிட்டால், தைரியம் தானாக வரும்.